கதவருகே தயங்கி நின்ற ஒரு சொல்

நான் படித்த ஒரு ஜெர்மன் துப்பறியும் கதையின் 40ஆம் பக்கத்தில் ஒருவன் ஓர் இரவு தன் சகோதரனைக் கொண்டுவந்தான். எங்கே கொண்டுவந்தான் என்று வாக்கியத்தில் இல்லை. வீட்டுக்குத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே படித்தேன். அடுத்த பக்கத்தில் அவன் நெடுநேரம் கைகழுவினான். அதற்கடுத்த பக்கத்தில் போலீஸ் வந்தது. 43ஆம் பக்கத்தில் சவப்பெட்டி வந்துவிட்டது. யார் செத்தது என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் புரட்டிப் போய் அந்த வாக்கியத்தை மறுபடி படித்தேன். முற்றுப்புள்ளிக்கு ஒட்டி, கடைசியாக, 'உம்' என்று ஒரு சின்னஞ்சிறு சொல் இருந்தது. முதல் முறை என் கண் அதன்மேல் நிற்கவே இல்லை.

ஜெர்மன் மொழியில் 'ப்ரிங்கன்' என்றால் கொண்டுவருதல். அதன் முன்னால் 'உம்' சேர்ந்து 'உம்ப்ரிங்கன்' ஆனால் கொலை செய்தல். வாக்கியத்துக்குள் வரும்போது இந்த வினை இரண்டாகப் பிரிந்துவிடும். 'ப்ரிங்கன்' பகுதி முன்னால் நிற்கும், 'உம்' கடைசிக்குப் போய்விடும். நடுவில் யார், யாரை, எந்த இரவில் என்பதெல்லாம் வரலாம். இப்படிப் பிரியும் வினைகளைப் பற்றி அதற்கு ஓராண்டு முன்பே இலக்கணப் புத்தகத்தில் படித்திருந்தேன். பயிற்சித் தாளில் இருபது வாக்கியங்களை நிரப்பி இருபதும் சரியாகப் போட்டிருந்தேன். ஆனாலும் கண்ணெதிரே நடந்த ஒரு கொலையைத் தவறவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு ஜெர்மன் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்க்காமல் நான் அடுத்த வாக்கியத்துக்குப் போனதே இல்லை. இருபது பயிற்சிகள் கற்றுக்கொடுக்காததை ஒரு சவப்பெட்டி கற்றுக்கொடுத்தது.

கதை படித்து மொழி கற்பதைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறேன். கதைக்கு ஒரு குணம் உண்டு: நாம் தப்பாகப் புரிந்துகொண்டால் அது காட்டிக்கொடுத்துவிடும். தனி வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம், கேட்க ஆளில்லை. கதையில் அப்படி முடியாது. கொண்டுவரப்பட்டவன் பிறகு சாப்பிட வேண்டும், பேச வேண்டும், எங்காவது உட்கார வேண்டும். அவன் காணாமல் போனால் நாம் எங்கோ வழி தவறிவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

நான் ஜெர்மன் படிக்கத் தொடங்கியபோது எனக்கு வயது 38. முதல் ஓராண்டு மற்றவர்கள் செய்வதைத்தான் செய்தேன். அட்டவணைகளை மனப்பாடம் செய்தேன். ஒரு பக்கம் ஜெர்மன் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை எழுதிப் புரட்டினேன். அட்டையில் பார்த்தால் சொல் தெரியும். அதே சொல் ஒரு வாக்கியத்தின் நடுவில், ஈறு மாறி, பக்கத்தில் இரண்டு அந்நியர்களோடு நின்றால் அடையாளம் தெரியாது. தெருவில் பார்க்கும் ஒருவரைப் பாஸ்போர்ட் படத்தை வைத்துத் தேடுவது போல இருந்தது.

ஓராண்டு ஆகிவிட்டதே என்ற தைரியத்தில் ஒரு பெரிய நாவலை எடுத்தேன். விருது வாங்கியது, எல்லோரும் புகழ்வது. முதல் பக்கத்துக்கு இரண்டு மாலைகள் ஆயின. 61 சொற்களுக்கு அகராதி பார்த்தேன். அந்த எண் நினைவிருக்கக் காரணம், ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் எண் போட்டு, பொருளை ஒரு நோட்டில் எழுதியதுதான். நான்காம் பக்கத்தில் புத்தகத்தை மூடினேன். அந்த நான்கு பக்கங்களில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. 61 பொருள்களும் கையில் இருந்தன, கதை இல்லை.

பிறகு மூன்று மாதம் ஜெர்மனையே தொடவில்லை. மனம் கசந்துவிட்டது. என் மூளைக்கு வயதாகிவிட்டது என்று நம்பினேன். அது மூளையின் குறை அல்ல, புத்தகத் தேர்வின் குறை என்று பின்னால்தான் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ளப் பெரும்பாலானவர்களுக்கு அதில் உள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. முதலில் கேட்டபோது எனக்கு இது அநியாயமாகப் பட்டது. 98 தெரிந்தால் பிறகு கற்க என்ன இருக்கிறது? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 250 சொற்கள் என்றால், தெரியாதவை ஐந்து. நூறு பக்கக் கதையில் ஐந்நூறு இடங்களில் தெரியாத சொல் வரும். அதில் பல, திரும்பத் திரும்ப வருபவை. கற்க நிறையவே இருக்கிறது. 90 விழுக்காடு தெரிந்தால் போதுமே என்று நினைத்தால் பக்கத்துக்கு 25 ஓட்டைகள். அத்தனை ஓட்டை உள்ள பானையில் தண்ணீர் நிற்காது.

ஆகவே கை விரல்களே போதுமான அளவுகோல். புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். அலமாரியில் இருக்கட்டும், அடுத்த ஆண்டு வரலாம். முதல் பக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். முதல் பக்கத்தில் எழுத்தாளர்கள் வானத்தையும் மரத்தையும் வர்ணித்துக்கொண்டிருப்பார்கள், எப்போதும் அதுதான் கடினம்.

எனக்கு அந்தச் சோதனையில் தேறிய முதல் புத்தகம் 48 பக்கம். கற்பவர்களுக்காகவே சொற்களைக் கட்டுப்படுத்தி எழுதும் 'கிரேடட் ரீடர்' வகை. இவற்றின் அட்டையில் ஏ1, ஏ2, பி1 என்று நிலை போட்டிருக்கும். ஐரோப்பிய மொழிகளுக்காக 2001இல் வெளியான பொது அளவுகோலின் நிலைகள் அவை. இலக்கணத் தேர்வில் நான் பி1 தேறியிருந்தேன். விரல் சோதனையில் தேறியது ஏ2 புத்தகம்தான். ஒரு படி இறங்க மனம் ஒப்பவில்லை. இறங்கியது நல்லதாயிற்று. அந்த 48 பக்கத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்தேன். ஒரு புத்தகத்தை, இன்னொரு மொழியில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. கதை சாதாரணமானதுதான், தொலைந்த ஒரு சூட்கேஸ் பற்றியது. ஆனால் கடைசிப் பக்கத்தை மூடிய அந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதற்கடுத்து நடந்ததுதான் என் ஜெர்மனை மாற்றியது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்றாவதோ நான்காவதோ படித்த கதையில் ஒரு பெண் ஒரு வீட்டுக்கு வருகிறாள். கதவருகே நிற்கிறாள். கைப்பிடிமேல் கை வைக்கிறாள். பிறகு 'ட்ஸோகர்டே' என்று ஒரு வினை. பிறகு கதவைத் திறக்கிறாள். அந்த வினை எனக்குத் தெரியாது. அப்போது நான் எனக்கு விதித்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு இருந்தது: படிக்கும்போது அகராதி கிடையாது, பென்சிலால் ஒரு மெல்லிய கோடு மட்டும். கோடு போட்டுவிட்டுப் போனேன். இருபது பக்கம் தள்ளி, துப்பறிபவர் ஒருவனிடம் 'நேற்று இரவு எங்கே இருந்தாய்?' என்று கேட்கிறார். அவன் மறுபடி 'ட்ஸோகர்டே'. பிறகு, வீட்டில் இருந்தேன் என்கிறான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சிறுவனிடம் யாரோ பணத்தை நீட்டுகிறார்கள், அவன் 'ட்ஸோகர்டே', பிறகு வாங்கிக்கொள்கிறான். அந்த இடத்தில் எனக்குச் சொல் விளங்கிவிட்டது. தயங்குதல்.

விளங்கியது என்று சொன்னாலும், 'தயங்குதல்' என்ற தமிழ்ச் சொல் முதலில் மனதில் வரவில்லை. கதவருகே கைப்பிடிமேல் கைவைத்து நிற்கும் அந்தப் பெண்தான் வந்தாள். தமிழ்ச் சொல் அவளுக்குப் பின்னால் வந்தது. இன்றும் அந்த ஜெர்மன் வினையைக் கேட்டால் முதலில் அவள் கைதான் தெரியும். அட்டையில் எழுதி மனப்பாடம் செய்த சொற்கள் எல்லாம் எனக்குத் தமிழ் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகின்றன. கதையில் மூன்று இடத்தில் சந்தித்த சொல் நேராக வருகிறது. நாம் தாய்மொழியைக் கற்றதும் இப்படித்தானே. 'தயங்குதல்' என்பதற்கு யாரும் நமக்குப் பொருள் சொல்லித் தரவில்லை. தயங்கியவர்களைப் பார்த்தோம், அந்த நேரத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தது.

கேட்பதும் படிப்பதும் பொருள் புரியும்படி அமைந்தால் மொழி தானாகப் படியும் என்று 1980களிலிருந்து வலியுறுத்தி வந்தவர் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். அவர் சொல்வது முழுவதையும் எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. எனக்கும் முழு உடன்பாடு இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் அவருடைய ஒரு யோசனை எனக்கு அப்படியே பலித்தது: பல வகை நூல்களைக் கொஞ்சம் கொஞ்சம் மேய்வதைவிட, ஒரே எழுத்தாளரையோ ஒரே துறையையோ தொடர்ந்து படியுங்கள் என்பது. நான் ஒரே துப்பறியும் தொடரில் ஏழு புத்தகங்கள் படித்தேன். முதல் புத்தகத்தில் சாட்சி, தடயம், சந்தேகம், கைரேகை எல்லாமே புதிய சொற்கள். மூன்றாவது புத்தகத்தில் அவை பழகிவிட்டன. அந்த எழுத்தாளர் வாக்கியத்தை எப்படித் தொடங்குவார், எந்த இடத்தில் 'ப்ளொட்ஸ்லிஷ்', அதாவது திடீரென்று, என்பார் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. ஐந்தாவது புத்தகத்தில் நான் மொழியைப் படிக்கவில்லை, கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். மொழி படிவது அந்த மறதியில்தான்.

அகராதி பற்றி என் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் மூன்று முறை வந்தும் பிடிபடாவிட்டால் பார்ப்பேன். அதுவும் அத்தியாயம் முடிந்த பிறகு. கதை திடீரென்று கோணலாகிவிட்டால், செத்தவன் யார் என்றே தெரியாமல் போவது போல, உடனே நின்று பின்னால் போவேன். ஒரு தடவை மட்டும் வந்து போகும் பூவின் பெயர், கருவியின் பெயர், துணியின் வகை இவற்றை விட்டுவிடுவேன். தமிழ் நாவலில் வரும் எத்தனை மீன்களின் பெயரை நாம் அகராதியில் பார்த்திருக்கிறோம்? ஏதோ ஒரு மீன் என்று போய்க்கொண்டே இருப்போம். அந்தப் பெருந்தன்மையை அந்நிய மொழியிடமும் காட்ட வேண்டும். பொருள் பார்த்த சொல்லைத் தனியாக எழுதி வைப்பதை நிறுத்திவிட்டேன். முழு வாக்கியத்தையும், யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்துத்தான் இப்போது நோட்டில் எழுதுகிறேன்.

இந்த முறையில் எனக்கு ஆசான் என்று சொல்ல வேண்டுமானால் ஹங்கேரியைச் சேர்ந்த லோம்ப் காட்டோ அம்மையாரைச் சொல்வேன். 1909இல் பிறந்து 2003இல் மறைந்தவர். படித்தது அறிவியல். வளர்ந்த பிறகு, பெரும்பாலும் நாவல்கள் படித்தே பல மொழிகளைக் கற்று, மேடைப் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவராக வேலை பார்த்தவர். முதல் வாசிப்பில் தெரியாத சொற்களை அவர் துரத்துவதில்லை. சூழலை வைத்துத் தாமே கண்டுபிடித்த சொற்களைத்தான் ஓரத்தில் குறித்துக்கொள்வார். இதைப் படித்த அன்று என் நோட்டைத் திறந்து பார்த்தேன். அந்த 61 சொற்களும் எனக்குத் தெரியாதவற்றின் பட்டியலாக இருந்தன. தோல்விக் கணக்கு எழுதிக்கொண்டே எப்படி உற்சாகம் வரும்? அன்றிலிருந்து கண்டுபிடித்த சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி வைக்கிறேன். பக்கம் முழுக்கப் புள்ளிகள் உள்ள புத்தகங்கள் என்னிடம் சில உண்டு.

குழந்தைக் கதையிலிருந்து தொடங்குங்கள் என்று பலர் சொல்வார்கள். இதில் ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் என்றதும் எல்லோரும் கிரிம் சகோதரர்களின் நாட்டுப்புறக் கதைகளை நீட்டுவார்கள். அவற்றின் முதல் தொகுதி வந்தது 1812இல். ஜேக்கப், வில்ஹெல்ம் இருவர் காலத்தில் வந்த கடைசிப் பதிப்பு 1857. நடையும் சொல்லும் அந்தக் காலத்தவை. நூல் நூற்கும் கதிர், கிணறு, வேட்டைக்காரன், மாற்றாந்தாய், சூனியக்காரி எல்லாம் முதல் மாதத்திலேயே வந்து நிற்பார்கள். ரயில், தொலைபேசி, அலுவலகம் வரமாட்டா. சிறு பிள்ளைகளுக்கான இன்றைய படப் புத்தகங்களும் எளிதல்ல. ஒலிக்குறிப்புச் சொற்களும் சொல்விளையாட்டும் அவற்றில் நிறைந்திருக்கும். தமிழ் கற்கும் ஒருவருக்கு 'தொபுக்கடீர்' என்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதினருக்கான கதைகள் பரவாயில்லை. அதைவிட நல்லது, நீங்கள் தமிழில் ஏற்கனவே படித்து உருகிய ஏதாவது ஒரு கதையின் மொழிபெயர்ப்பு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் சொல் தெரியாவிட்டாலும் பயம் இருக்காது. இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் இன்னொரு மொழி என்று அச்சிட்ட நூல்கள் எனக்கு ஒத்துவரவில்லை. கண் தானாகத் தமிழ்ப் பக்கம் சரிந்துவிடுகிறது. தமிழில் முழுதும் படித்து, ஒரு வாரம் விட்டு, பிறகு ஜெர்மனில் மட்டும் படித்ததுதான் பலன் தந்தது.

தமிழராக இருப்பது ஜெர்மன் படிக்க எவ்வளவு பெரிய துணை என்பதையும் கதைகள்தான் காட்டின. 'ஏனெனில்', 'என்று' போன்ற பொருள் தரும் இணைப்புச் சொல் வந்துவிட்டால், அந்தத் துணைவாக்கியத்தில் ஜெர்மன் வினை கடைசிக்குப் போய்விடும். வினை முன்னாலேயே வந்துவிடும் மொழிகளில் பிறந்தவர்கள் இதில் திணறுகிறார்கள். நமக்கு அதுதானே வீடு? 'மழையில் நனைந்துகொண்டு தூரத்திலிருந்து வந்த அந்தக் கிழவர்' என்று வினைக்காகக் காத்திருந்தே வளர்ந்தவர்கள் நாம். இரண்டு சொல்லை ஒட்டி ஒன்றாக்குவதும் நமக்குப் புதிதல்ல. கையுறைக்கு ஜெர்மனில் 'ஹாண்ட்ஷூ', கைக்கான செருப்பு என்று பிரிக்கலாம். தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டுவது 'ஃபிங்கர்ஹூட்', விரல் தொப்பி. கதையில் இப்படி ஒரு சொல்லை நாமே பிரித்துப் பொருள் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சியை அகராதி தர முடியாது.

'டோஹ்' என்ற சொல்லை உதாரணமாகச் சொல்ல வேண்டும். அகராதியில் அதற்கு ஏழெட்டுப் பொருள் இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கதையில் அம்மா மகளிடம், 'நீ கடிதம் எழுதவே இல்லை' என்கிறாள். மகள் ஒரே சொல்லில் 'டோஹ்!' என்கிறாள். எனக்கு உடனே தமிழ் கேட்டது: 'எழுதினேனே!' நம்முடைய அந்த ஏகாரம். எதிரே இருப்பவர் இல்லை என்றதை, இருக்கிறது என்று திருப்பிப் போடும் நீட்டல். நூறு உரையாடல்கள் படித்த பிறகு, எங்கே 'டோஹ்' வரும் என்று முன்கூட்டியே தெரியத் தொடங்கியது. இப்படிப்பட்ட சிறு சொற்களைக் கதாபாத்திரங்கள் சண்டை போடும்போதுதான் கற்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒன்று மட்டும் கடைசிவரை உறுத்தியது. சிறுமிக்கு ஜெர்மனில் 'மேட்ஷென்'. அந்தச் சொல் ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல, மூன்றாம் பால். சிறியது என்று காட்டும் 'ஷென்' என்ற விகுதி எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் அது அந்தப் பாலுக்குப் போய்விடும் என்பது விதி. ஆகவே பழைய கதைகளில் காட்டுக்குள் போகும் சிறுமி 'அது' என்றே குறிக்கப்படுகிறாள். உயர்திணை, அஃறிணை என்று பொருளை வைத்துப் பிரித்த தொல்காப்பிய மரபில் வந்த மனம் அவ்வளவு சீக்கிரம் இதற்கு ஒப்பாது. 'அது' என்று வந்த இடமெல்லாம் ஓநாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இனி, கதை தராதவை. இதை மறைக்கக் கூடாது.

பேச்சு வரவில்லை. முதல் முறை ஒரு ஜெர்மானியரிடம் நேற்று நான் செய்ததைச் சொன்னேன். அவர் மிகுந்த அன்போடு கேட்டுவிட்டு, நீங்கள் கதை சொல்வது போலப் பேசுகிறீர்கள் என்றார். காரணம் இதுதான். ஜெர்மன் கதைகளில் இறந்தகாலம் ஒற்றை வினையாக வரும்: போனான் என்பதற்கு 'கிங்', வந்தான் என்பதற்கு 'காம்'. பேச்சில் பெரும்பாலும் துணைவினை சேர்ந்த இன்னொரு வடிவம்தான் வரும். 'இருந்தான்' போன்ற சில வினைகள் மட்டும் பேச்சிலும் கதை வடிவத்திலேயே நிற்கும். மூவாயிரம் பக்கம் படித்த எனக்குக் கதை வடிவம் நாக்கில் தானாக வந்தது, பேச்சு வடிவம் வரவில்லை. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு என்று பிறந்ததிலிருந்து அறிந்த நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு நான் கண்ட வழி, கதையை எடுத்துச் சொல்வது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, எதிரே நண்பர் ஒருவர் இருப்பதாக எண்ணி, என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்வேன். கதை வடிவத்தில் படித்ததைப் பேச்சு வடிவத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. முதலில் மூன்று வாக்கியம்கூட வரவில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து நிமிடம் பேச முடிந்தது. என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை, கதை கையில் இருக்கிறது. எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் கவலை. பேசத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

உச்சரிப்பிலும் ஒரு பெரிய தவறு செய்தேன். ஆறு மாதம் காதில் எதையும் கேட்காமல் கண்ணால் மட்டுமே படித்தேன். ஆங்கிலப் பழக்கத்தில் எழுத்துகளை நானே ஒலித்துக்கொண்டேன். அப்பாவுக்கான சொல் 'ஃபாட்டர்' என்று ஒலிக்கும். என் மனதில் அது 'வாட்டர்' என்றே பதிந்துவிட்டது. ஒருமுறை பதிந்ததை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். இப்போது எந்த மொழியைத் தொடங்கினாலும் ஒலிப்புத்தகம் உள்ள கதையைத்தான் முதலில் எடுப்பேன். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முறை கேட்பது, பிறகு பக்கம் இல்லாமல் ஒரு முறை, சில நாள் கழித்து நடக்கும்போது இன்னொரு முறை. மூன்றாவது முறை கேட்கும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். முதல் முறை அது ஒரே இரைச்சலாகத்தான் இருந்திருக்கும்.

பெயருக்கு முன்னால் வந்து அதன் பாலைக் காட்டும் சிறு சொற்களும் பெயரடை ஈறுகளும் வாசிப்பில் படியவே இல்லை. அவை இல்லாமலே பொருள் புரிந்துவிடுவதால் கண் தாண்டிப் போய்விடுகிறது. கிராஷனோடு நான் வேறுபடும் இடம் இதுதான். இவற்றுக்காக இலக்கண அட்டவணைக்குத் திரும்பிப் போனேன். ஆனால் இந்த முறை அட்டவணை வெறுமையாக இல்லை. ஒவ்வொரு கட்டத்தைப் பார்த்தபோதும் ஏதாவது ஒரு கதையின் வாக்கியம் நினைவுக்கு வந்தது. முதலாண்டில் கண்ணீர் வரவழைத்த அதே அட்டவணை மூன்று வாரத்தில் படிந்தது. இலக்கணத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கொஞ்சம் கதை உள்ளே போன பிறகு அதைத் திறவுங்கள் என்பேன்.

நேரம் பற்றிக் கேட்பார்கள். தினம் 25 நிமிடம், காலையில். இரவில் படுக்கையில் படித்தால் எனக்கு இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். பிடிக்காத கதையை 20 பக்கத்தோடு நிறுத்திவிடுவேன், கடமைக்காக முடிப்பதில்லை. நிறுத்துவதாக இருந்தால் அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள். யாரோ கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள், மறுநாள் காலை நீங்களே தேடிப் போவீர்கள்.

போன மாதம் அந்த முதல் துப்பறியும் கதையை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. 40ஆம் பக்கத்து 'உம்' தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் புதிதாக இன்னொன்றைக் கண்டேன். சகோதரனுக்கான ஜெர்மன் சொல் அவன் மூத்தவனா இளையவனா என்று சொல்லாது. நம்மால் அப்படி யோசிக்கவே முடியாது, அண்ணனா தம்பியா என்று முடிவு செய்தால்தான் முகமே தோன்றும். முதல் வாசிப்பில் நான் செத்தவனைத் தம்பியாகவே நினைத்திருந்தேன், அந்தத் தம்பிக்காக வருந்தியும் இருந்தேன். 12ஆம் பக்கத்தில், அவன் நான்கு வயது மூத்தவன் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அந்த வரியின் கீழே என் பழைய பென்சில் கோடுகூட இல்லை.